பத்து நிமிடம் வெந்நீரில்

பிப்ரவரி 3, திங்கள்

நூலகப் புத்தகத்தில் பேனாவால் கிறுக்குகிறவர்களை என்ன செய்தாலும் தகும். இன்று எடுத்து வந்த நகைப் பராமரிப்புப் புத்தகத்தில் முத்து பற்றிய பக்கம் முழுவதும் யாரோ நீல மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ‘சூப்பர்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முத்தில் என்ன சூப்பர்? ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன். தாள்தான் கிழியப் பார்த்தது. என் கையில் அதிகாரம் இருந்தால் இவர்களுடைய நூலக அட்டையை ஆயுள் முழுவதற்கும் பிடுங்கிவிடுவேன். அடுத்த முறை போகும்போது நூலகரிடம் சொல்லத்தான் போகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் திட்டக் கட்டுரை எழுத வேண்டும். மற்றவர்கள் சூரியக் குடும்பம், மழைநீர்ச் சேகரிப்பு என்று எடுத்திருக்கிறார்கள். என் தலைப்பு: ‘கைவினை நகைகளில் பயன்படும் பொருள்கள்: தோற்றம், தன்மை, பராமரிப்பு.’ இதுவரை குறித்தவை: முத்தும் பவளமும் உயிர்கள் உண்டாக்குபவை. எலுமிச்சைச் சாறோ சென்ட்டோ பட்டால் அவற்றின் பளபளப்புப் போய்விடும். வெள்ளி கறுப்பது அழுக்கால் அல்ல, காற்றில் உள்ள கந்தகத்தால். பக்கம் 47-இல் தங்கம். இன்னும் படிக்கவில்லை.

அம்மா ஒரு ராக்கொடியை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறாள். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் பின்னந்தலையில் வைத்துக்கொள்ளும் வட்ட நகை. நடுவில் அன்னம், சுற்றிலும் மூன்று வரிசை சிவப்புக் கெம்புக் கல். சென்னையில் ஒரு பெண்ணின் அரங்கேற்றத்துக்கு. பட்டறையில் வேலை செய்யும் ஐந்து பேரில் நகையை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி அம்மாவுக்கு மட்டும்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். எங்கள் வடசேரியில் இந்த மாதிரிப் பட்டறைகள் நிறைய உண்டு. அம்மா வேலை பார்ப்பது பெரியாசாரி மாமாவின் பட்டறையில். வெள்ளித் தகட்டுக் கூட்டுக்குள் அரக்கு நிரப்புவது பேச்சியக்கா. அரக்கின் மேல் கல்லைப் பதித்து, சுற்றிலும் ரேக் என்கிற மெல்லிய தங்கத் தகட்டை ஊசியால் அமுக்கி மூடுவது அம்மா.

பேச்சியக்கா அரக்கையும் குங்கிலியத்தையும் உருக்கி அதில் செங்கல் பொடியைத் தூவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அரக்குன்னா ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில சுரக்குற பிசின். வடக்க இருந்து வருது. புத்தகத்துல போட்டிருக்கு.”

“பூச்சியா? நல்லவேளை சொன்ன. இருவது வருசமா நான் மரம்தான் தருதுன்னுல்லா கும்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நோட்டை எடுத்தேன். பேச்சியக்கா சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன் (வெள்ளம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் தண்ணீர்):

“உள்ள அரக்கு. மேல கல்லு. கல்லுக்கு அடியில மினுக்குத் தாளு, அதான் கல்லுக்கு வெளிச்சம் குடுக்கது. சூடு காட்டினா அரக்கு இளகிரும். வெள்ளம் எறங்கினா தாளு கறுத்துரும். தாளு கறுத்தா கல்லு செத்துரும். வேர்வையத் தொடைக்கணும்னா காஞ்ச பஞ்சு. வேற ஒண்ணும் வேண்டாம், கேட்டியா?”

என் காதில் இருக்கும் தோடும் பேச்சியக்கா கொடுத்ததுதான். மிச்சம் விழுந்த கற்களை வைத்து என் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குச் செய்தாள். ரேக் போட்டது அம்மா.

பிப்ரவரி 5, புதன்

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஆதாரங்கள் என்று இரண்டு எழுதியிருந்தேன். ஒன்று, நூலகப் புத்தகம். இரண்டு, பேச்சியம்மாள், அரக்கு வேலை, வடசேரி. டீச்சர் இரண்டாவதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

“வடிவு, புத்தகம், பத்திரிகை, இதுதான் ஆதாரம். பட்டறையில வேலை பாக்குறவங்க வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க. அதெல்லாம் ஆதாரமாகாது.”

முகம் சுட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் டீச்சர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அச்சில் வருவதை நாலு பேர் சரிபார்த்திருப்பார்கள். அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஆண்டுவிழா. மேக்னாவின் ராக்கொடி உடைந்துவிட்டதாம். அவள்தான் எங்கள் பள்ளியின் நாட்டியக்காரி. டாக்டர் வீட்டுப் பெண். காலையிலிருந்து வகுப்பு முழுக்க அதே பேச்சு.

பிப்ரவரி 6, வியாழன்

அம்மா சென்னை ராக்கொடியை முடித்து, தாளில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, பீரோவில் வைத்துவிட்டாள். திங்கட்கிழமை பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மேக்னா கேட்டுவிட்டாள். ஒரே வகுப்பு. எப்படி மறுப்பது?

பிப்ரவரி 7, வெள்ளி

ஆண்டுவிழா நன்றாக நடந்தது. மேக்னா ஆடும்போது மேடை விளக்கில் அவளுடைய பின்னந்தலை மட்டும் தீப்பிடித்தது மாதிரி இருந்தது. முடிந்ததும் தன் அம்மாவிடம் என்னைக் காட்டி, “இவ என் ஃப்ரெண்டு வடிவாம்பிகை” என்றாள். மூன்று வருடமாக ஒரே வகுப்பில் இருக்கிறோம். இன்றைக்குத்தான் முழுப் பெயரையும் சொன்னாள்.

பிப்ரவரி 8, சனி

அம்மா பட்டறைக்குப் போன பிறகு சில வேலைகள் செய்தேன். மேக்னா தலையில் என்னத்தைத்தான் அடித்துக்கொள்வாளோ, பிசுபிசுவென்று ஸ்பிரே, எண்ணெய், கனகாம்பரச் சாயம். பக்கம் 47-ஐ இரண்டு முறை படித்தேன். ‘தங்க நகைகளைச் சோப்புக் கரைத்த வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷால் தேய்க்கவும்.’ கடிகாரம் பார்த்தேன். சரியாகப் பத்து நிமிடம்.

எல்லாம் புத்தகத்தில் சொன்னபடி. ஒன்றும் ஆகவில்லை. ஒரு கல் லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. கட்டை விரலால் அமுக்கினேன், சரியாகிவிட்டது.

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். பழைய பல் பிரஷைத் தூக்கிப் போட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அம்மா பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். சென்னைக்குப் போய்விட்டது. இனி அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கட்டுரைக்கு இருபதுக்குப் பத்தொன்பது. மேக்னா மதியச் சாப்பாட்டுக்குப் பழையபடி அவள் கூட்டத்தோடு போய்விட்டாள். இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு பட்டறைக்குப் போனேன். சென்னைப் பெட்டி திரும்பி வந்திருந்தது. ராக்கொடி ஒரு துணியின் மேல் கிடந்தது. அன்னத்தின் கழுத்தில் மூன்று கல் இல்லை. இரண்டாவது வரிசைக் கற்கள் எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தன. சிவப்பே இல்லை. புளியங்கொட்டை நிறம்.

பெரியாசாரி மாமா கத்தினார். “அரங்கேற்றத்துக்கு நாலு நாளு இருக்கும்போது பெட்டியத் தொறந்திருக்காவ. இந்தக் கோலம்! அரக்குல என்னத்தட்டி கலந்த? குங்கிலியத்தக் கூடக் கொட்டிட்டியா?”

பேச்சியக்கா ராக்கொடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நகத்தால் ஒரு கல்லைத் தொட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “இது அரக்கு கொறை இல்ல பெரியாசாரி. இது சுடுவெள்ளம் பட்டிருக்கு.”

“சுடுவெள்ளமா? அவிய தலையிலயே வைக்கலையாம். பெட்டிக்குள்ள போயி எவன் வெந்நீர் ஊத்துனான்?”

“அது எனக்கெப்படித் தெரியும்? ஆனா சுடுவெள்ளந்தான். செண்பகக்கா, நீங்க பாருங்க. நீங்க வச்ச கல்லுதான. நீங்க சொல்லுங்க.”

செண்பகம் என் அம்மா. அம்மா ராக்கொடியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து ஊசியை எடுத்து, கையில் இருந்த வேலையைத் தொடர்ந்தாள்.

பெரியாசாரி மாமா பேச்சியக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளைக்கும் வர வேண்டாம், அப்புறமும் வர வேண்டாம். பேச்சியக்கா அரக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எனக்கு யார் மேலெல்லாம் கோபம் என்றால்:

பெரியாசாரி மேல். இனி அவரை மாமா என்று எழுத மாட்டேன். இருபது வருடம் அரக்குக் காய்ச்சியவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியாதவர்.

மேக்னா மேல். அவள் அடித்த ஸ்பிரேயில் என்ன இருந்ததோ.

அந்தச் சென்னைப் பெண் மேல். பெட்டி போய் எத்தனை நாள்! வந்த அன்றே திறந்து பார்த்திருக்கக் கூடாதா?

அம்மா மேல். அம்மா மேல்தான் அதிகம். கேட்டபோது ஏன் பேசவில்லை?

“ஏம்மா நீ பேச்சியக்காவுக்காகப் பேசல?” என்று கேட்டேன்.

“சும்ம கெட. போய்ப் படி.”

“அநியாயம் இல்லையா?”

“படிக்கப் போன்னு சொன்னேன்.”

பிப்ரவரி 26, புதன்

இடைவேளையில் மேக்னாவைத் தண்ணீர்க் குழாய் பக்கம் பிடித்தேன். “நீ வாங்கிட்டுப் போன ராக்கொடியாலதான் ஒருத்தங்க வேலை போச்சு. கண்டதையும் தலையில அடிச்சா அப்படித்தான்” என்று கத்தினேன்.

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: “வடிவு, நான் எங்க வாங்கிட்டுப் போனேன்? நான் பிளாஸ்டிக் போதும்னேன். நீதான எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, கொண்டு வாரேன்னு சொன்ன. மறுநாள் திருப்பித் தரும்போது நல்லாத்தான இருந்துச்சு? நீயே வாங்கிப் பாத்து, அழுக்குதான், நான் கழுவிக்கிடுதேன்னு சொன்னியே.”

நாலு பேர் நின்று கேட்டார்கள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இந்த நோட்டில் ஆறாம் தேதி ‘மேக்னா கேட்டுவிட்டாள்’ என்று இருக்கிறது. மேக்னா கேட்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

பேச்சியக்காவின் இடத்தில் புதிதாக ஒருவரைப் பெரியாசாரி வைத்திருக்கிறாராம். அம்மா சொல்லிக்கொண்டே கீரை ஆய்ந்தாள். “அரக்கு நிக்கவே மாட்டேங்கு. வெடிச்சு வெடிச்சு வருது.”

“அப்ப பேச்சியக்காவக் கூப்பிட வேண்டியதுதான.”

அம்மா அடுத்த தண்டை எடுத்தாள்.

“நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். அது வெந்நீர் பட்டதுதான்னு உனக்கும் தெரியும்லா?”

கீரைத் தண்டு படக்கென்று ஒடிந்தது. “தெரியும். யாரு வீட்டு வெந்நீருன்னும் தெரியும்.”

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“அன்னைக்குக் குப்பையில பல் பிரஷ் கெடந்து. பிரஷ் முடியில செவப்புச் சாயம். வெந்நிப் பானை எடம் மாறி இருந்து. பிள்ள என்னமோ துணி தொவைச்சிருக்கான்னு நெனச்சேன். அந்தப் பெட்டிய நான் ஒரு தடவ தொறந்து பாத்திருக்கணும். பாக்கல. ராக்கொடியப் பாத்த ஒடனே எல்லாம் வெளங்கிட்டு.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்ல? எம் மகதான் எடுத்து முக்குனான்னா? வீட்டுக்கு வேலை கொண்டு வாரதுக்கு எனக்கு மட்டுந்தான் விட்டிருக்காவ. அது போச்சுன்னா ராத்திரி எட்டு மணி வரைக்கும் பட்டறையிலயே கெடக்கணும். ஒங்கப்பா வருசத்துக்கு ஒரு தடவ துபாயில இருந்து வாரவரு. ஒன்ன யாரு பாக்க?”

“நான் ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்ல!”

“அத ராக்கொடியிலயே பாத்தேன்.”

நான் கதவை அடைத்துக்கொண்டேன். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்டேனா? பேச்சியக்காவை விற்று என்னைக் காப்பாற்ற அம்மாவுக்கு யார் உரிமை கொடுத்தது? இதை எழுதும்போதே தெரிகிறது, ஐந்து நாளாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நான்தான். நான்தான் எடுத்தேன், நான்தான் கொடுத்தேன், நான்தான் வெந்நீரில் போட்டேன்.

எழுதியாயிற்று. எழுதினால் போதாது.

மார்ச் 1, சனி

பட்டறைக்குப் போனேன். பெரியாசாரி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா உட்பட எல்லாரும் வேலையில் இருந்தார்கள். நான் வாசலில் நின்றே சொன்னேன். வரும் வழி முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியம்: “சென்னை ராக்கொடியை நான்தான் எடுத்தேன். ஆண்டுவிழாவுக்குக் கொடுத்தேன். அப்புறம் வெந்நீரில் கழுவினேன். அரக்கில் குறை இல்லை.”

அவர் சிரித்தார். “பேச்சி அழுதாளாக்கும்? செண்பகம், பிள்ளைய நல்லா பழக்கி விட்டிருக்க.”

“யாரும் பழக்கல.”

“ஆசாரிமாரு வீட்டுப் பிள்ள எவளாவது அரக்குச் சாமானத் தூக்கி வெந்நில போடுவாளாட்டி? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.”

இதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல இத்தனை நாள் பட்ட பாடு, கடைசியில் உண்மை அவருக்குப் பொருத்தமாக இல்லையாம்!

எதிர்த்த டீக்கடையில் ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணீர் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். என் காதில் இருந்த தோடு இரண்டையும் கழற்றினேன். அம்மா எழுந்துவிட்டாள். “ஏட்டி, வேண்டாம்” என்றாள். ஒன்றைத் துணியின் மேல் வைத்தேன். ஒன்றை டம்ளருக்குள் போட்டேன்.

“பேச்சியக்கா அரக்கு. அம்மா ரேக்கு. ரெண்டும் ஒரே நாள்ல செஞ்சது. பத்து நிமிசம். நீங்களே கடிகாரத்தப் பாருங்க.”

மூன்றாவது நிமிடத்தில் தண்ணீரில் மெல்லிய பழுப்பு நிறம் வந்தது. ஆறாவது நிமிடத்தில் ஒரு கல் டம்ளர் அடியில் விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவு சின்னக் கல். எல்லாருக்கும் கேட்டது.

பத்து நிமிடம் ஆனதும் கரண்டியால் எடுத்துச் சென்னை ராக்கொடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே சாய்வு. நடுப் பச்சைக்கல் உள்ளே இறங்கி, உள்ளே நீர் ஏறி மங்கிப்போய், குருட்டுக் கண் மாதிரி இருந்தது. நனையாத தோடு பக்கத்திலேயே பளபளவென்று.

பெரியாசாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். அப்புறம் அம்மாவிடம், “இனி ஒரு சாமானும் வீட்டுக்குப் போகக்கூடாது” என்றார். அம்மா தலையாட்டினாள்.

“பேச்சியக்கா?” என்று கேட்டேன்.

“வரச்சொல்லு” என்றார், டீ வாங்கி வரச் சொல்கிற மாதிரி. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். ஆனால் ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தாள். நான் விடவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஒழுகினசேரியில் பேச்சியக்கா வீடு. அம்மா கூட வருவதாகச் சொன்னாள். தெருமுனை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டாள்.

பேச்சியக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அலசுவதை நிறுத்தாமல் கேட்டாள். பெரியாசாரி கூப்பிடுகிறார் என்றதும் மட்டும் நிமிர்ந்தாள்.

“ஒரு டம்ளர் வெந்நி சொன்னா நம்புவாரு. இருவது வருசம் கூட இருந்தவ சொன்னா நம்ப மாட்டாரு. அங்க எனக்கென்ன வேலை? கோட்டாத்துல ஒரு பட்டறையில சொல்லியாச்சு. நாளைக்குப் போறேன்.”

“அம்மா...”

“ஒங்கம்மை பேர எடுக்காத. நான் அவகிட்ட கேட்டேன்லா? என் மூஞ்சியப் பாக்க முடியாம ஊசியப் பாத்தா.” துணியை முறுக்கிப் பிழிந்தாள். “தெருமுனையில நிக்கது அவதான? நிக்கட்டும்.”

துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, “அந்தப் புத்தகம் எங்க?” என்றாள். பையிலிருந்து எடுத்தேன். “வாசி.” பக்கம் 47-ஐ வாசித்தேன்.

“தங்க நகைக்குன்னுல்லா போட்டிருக்கான். அவன் சொன்னது சரிதான். கட்டித் தங்கத்துக்குச் சரி. அரக்குச் சாமான அவன் கண்டானோ இல்லையோ. அவன் மேல தப்பில்ல.” ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “ஒனக்குத்தான் நான் சொன்னேன்லா. எழுதிக்கிட்டு வேற போன.”

சிரித்தோ திட்டியோ அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த துணியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் நான்காம் தேதியைப் புரட்டினேன். ‘சூடு காட்டினா அரக்கு இளகிரும்.’ அழகான கையெழுத்து. என்னுடையது. நாலு நாள் கழித்து அதைத் தாண்டிப் போய் அச்சடித்த பக்கத்தைத் திறந்திருக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள்.

நூலக மேசையில் உட்கார்ந்து பக்கம் 47-ஐத் திறந்தேன். பென்சில் எடுத்தேன். பென்சில் அழிந்துவிடும். பேனாவை எடுத்தேன். ஓரத்தில், முடிந்தவரை பொடியாக, கோணாமல் எழுதினேன்:

‘இது கட்டித் தங்கத்துக்கு மட்டும். உள்ளே அரக்கு வைத்த நகைக்கு வெந்நீர் காட்டக் கூடாது, காய்ந்த பஞ்சு போதும். ஆதாரம்: பேச்சியம்மாள், அரக்கு வேலை, வடசேரி.’

அதன் கீழே என் பெயரையும் வகுப்பையும் எழுதினேன்.

நூலகர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. “ஏம்மா, நீயா? போன மாசம்தான புத்தகத்துல கிறுக்குறவங்களப் பத்தி என்கிட்ட அவ்வளவு கோபப்பட்ட?”

“ஆமா சார்.”

“அட்டையக் குடு.”

கொடுத்தேன். ஆறு மாதத்துக்குப் புத்தகம் கிடையாது என்றார். சரி என்றேன். அவர் புத்தகத்தை மூடக் கையை நீட்டினார். பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறித்தேன்.

மை காயும் வரை மூட விடவில்லை.